வலி வருமுன் பேசி முடிக்க வேண்டியவை

முதல் பிரசவத்தில், இரவு இரண்டரை மணிக்கு, ஒரு வலி விட்டு அடுத்தது தொடங்குவதற்கு நடுவே கிடைத்த மூன்று நிமிடத்தில், "உள்ளே உன்கூட அம்மா வரட்டுமா, நான் வரட்டுமா?" என்று கணவர் கேட்டார். ஒன்பது மாதம் ஒரே வீட்டில்தான் இருந்தோம். தொட்டிலுக்கு என்ன நிறம் என்று மூன்று நாள் பேசியிருக்கிறோம், இதை ஒருநாள்கூடப் பேசவில்லை. வெளியே என் அம்மாவும் மாமியாரும் ஆளுக்கொரு பையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேருமே தான்தான் உள்ளே போகப் போகிறோம் என்ற நினைப்பில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் பதில் சொல்லவில்லை, அடுத்த வலி வந்துவிட்டது. கடைசியில் நர்ஸ்தான் கையைப் பிடித்தார்.

இரண்டாவது முறை ஏழாம் மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசி ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டோம். அந்தத் தாளில் இருந்ததையும், இப்போது எழுதினால் சேர்ப்பதையும் இங்கே எழுதுகிறேன். பிரஷர், சர்க்கரை, இரட்டைக் குழந்தை, முன்பு சிசேரியன் என்று உங்களுக்குத் தனிக்கதை ஏதாவது இருந்தால் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு, நான் சொல்வதல்ல.

தேதியை யாரிடமும் தேதியாகச் சொல்லாதீர்கள்

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். பிரசவ தேதி என்று கொடுப்பது இந்தக் கணக்குதான், முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் இருந்தால் அதை வைத்துத் திருத்துவார்கள். சரியாக அந்தத் தேதியில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து இருந்தால் அதிகம். 37 வாரம் முடிந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் வலி வரலாம், 41 வாரம் தாண்டியும் வரவில்லை என்றால் வலி வரவழைப்பது பற்றி டாக்டர் பேசுவார்.

உறவுக்காரர்களிடம் தேதியைச் சொல்லிவிட்டால் அன்று காலையிலிருந்து "என்ன, இன்னுமா?" என்று போன் வந்துகொண்டே இருக்கும். நிறைமாத வயிற்றோடு அதற்குப் பதில் சொல்வது வலியைவிடப் பெரிய வலி. "மாதக் கடைசியில்" என்று மட்டும் சொல்லுங்கள். நாங்கள் பத்து நாள் தள்ளியே சொன்னோம், பொய்தான், வருத்தமில்லை. நலம் விசாரிக்கும் போன்கள் எல்லாம் கணவருக்கு என்றும் அப்போதே முடிவாயிற்று.

தினப்படி பஞ்சாயத்துகள்

"இனி ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடணும்" என்பார்கள். முதல் மூன்று மாதத்துக்குக் கூடுதலாக எதுவும் தேவையே இல்லை, பலருக்கு அப்போது சாப்பாடு இறங்குவதே பெரும்பாடு. நடு மூன்று மாதங்களில் நாளொன்றுக்குச் சுமார் 340 கலோரி, கடைசி மூன்றில் சுமார் 450 கலோரி கூடுதலாக வேண்டியிருக்கும். ஒரு சிறிய வேளைச் சாப்பாடு, அவ்வளவுதான். தட்டில் இன்னொருவர் பங்கை அப்படியே வைக்க வேண்டியதில்லை.

காபியை முழுக்க நிறுத்தச் சொல்லி சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாளுக்கு 200 மில்லிகிராம் காஃபீனுக்குள் இருந்தால் பரவாயில்லை என்பதுதான் பெரும்பாலான மகப்பேறு டாக்டர்கள் சொல்லும் வரம்பு, எத்தனை கப் என்பது கப்பின் அளவையும் காபியின் அடர்த்தியையும் பொறுத்தது, டீயும் கோலாவும் சாக்லேட்டும் அதே கணக்கில் சேரும். ஆனால் இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடோ டீயோடோ விழுங்காதீர்கள், உடம்பில் சரியாகச் சேராது. ஓரிரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையையும் அதனோடு சேர்த்துப் போடாமல் வேறு வேளைக்குத் தள்ளுங்கள்.

28 வாரத்துக்குப் பிறகு படுக்கும்போது ஒருக்களித்துப் படுங்கள், இடமோ வலமோ. மல்லாந்து படுத்தால் கருப்பையின் எடை முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையலாம். நடுராத்திரி விழித்துப் பார்த்து மல்லாந்து கிடந்தால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்துத் தூங்குங்கள். கணவர் விடிய விடிய விழித்திருந்து உங்களைப் புரட்டிவிடவும் தேவையில்லை. (என்னவர் இரண்டு நாள் செய்தார், மூன்றாம் நாள் அவரே மல்லாந்து குறட்டை.)

வலி மாத்திரை விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். யாராவது கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து "நான் எப்பவும் இதைத்தான் போடுவேன், ஒண்ணும் ஆகாது" என்று நீட்டுவார்கள். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் 20 வாரத்துக்கு மேல் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், பனிக்குட நீரும் குறையலாம். டாக்டர் சொல்லாமல் எதையும் போடாதீர்கள்.

காரில் சீட் பெல்ட் போடலாமா என்றால், கட்டாயம் போட வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் அல்ல, வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பை ஒட்டி, மேல்பட்டை இரண்டு மார்புக்கும் நடுவே. வீட்டில் பூனை இருந்தால் அதைத் துரத்த வேண்டாம், அதன் மலம் அள்ளும் வேலையை மட்டும் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும். உங்கள் வீட்டில் கிளம்பப் போகும் பஞ்சாயத்து இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அது கொடியில் துணி காயப்போடுவது. கையைத் தூக்கினால் குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றிக்கொள்ளும் என்று மாமியார் ஒவ்வொரு முறையும் ஓடிவந்து துணியைப் பிடுங்கிக்கொள்வார். நான் இணையத்தில் படித்ததைச் சொன்னால் கோபம், அவர் சொன்னால் எனக்குக் கோபம். அப்புறம்தான் ஒரு வழி கிடைத்தது. ஃபிரிட்ஜ் கதவில் இன்னொரு தாள், தலைப்பு "அடுத்த செக்கப்பில் கேட்க". யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதில் எழுத வேண்டும், அதுவரை வாய் திறக்கக் கூடாது. அத்தையையும் கூட்டிக்கொண்டு போனோம். அவர் எழுதிய கேள்வியை அவரே வாசித்தார். கைக்கும் தொப்புள்கொடிக்கும் சம்பந்தமே இல்லை, குழந்தை உள்ளே தானாகப் புரள்வதில் சுற்றுவது அது, ஐந்தில் ஒரு குழந்தையாவது அப்படிக் கழுத்தில் கொடியோடுதான் பிறக்கிறது, பெரும்பாலும் எந்தக் கெடுதலும் இல்லை, பிறக்கும்போது மெல்லக் கழற்றிவிடுவோம் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கு மாலை துணியை நான்தான் காயப்போட்டேன். அத்தை பக்கத்தில் நின்று கிளிப் எடுத்துக் கொடுத்தார். நான் சொன்னால் மருமகள் எதிர்த்துப் பேசியதாக ஆகியிருக்கும், டாக்டர் சொன்னதால் யாரும் தோற்கவில்லை.

அசைவு: இதில் மட்டும் வெட்கப்படாதீர்கள்

முதல் குழந்தையின் அசைவு பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்தில் தெரியும், இரண்டாவது என்றால் கொஞ்சம் முன்னதாகவே. 28 வாரம் ஆகும்போது உங்கள் குழந்தைக்கு என்று ஒரு பழக்கம் வந்திருக்கும். என் பெரியவன் இரவு பத்து மணிக்குமேல்தான் ஆட்டத்தை ஆரம்பிப்பான், சின்னவள் நான் சாப்பிட்டு முடித்ததும். அந்தப் பழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், மற்றவர்களின் குழந்தையோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

"மாசம் ஆக ஆக உள்ளே இடம் இருக்காது, அதான் அசைவு குறையுது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உதைப்பது போய்ப் புரள்வது போல, நெளிவது போலத் தோன்றலாம், ஆனால் அசைவு குறையக் கூடாது. சந்தேகமாக இருந்தால் ஒருக்களித்துப் படுத்து வேறு எதிலும் கவனம் வைக்காமல் எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வரவில்லை என்றாலோ, பத்து வந்தும் "வழக்கம்போல இல்லையே" என்று மனதுக்குப் பட்டாலோ அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டில் இதயத்துடிப்புக் கேட்கும் கருவி வைத்திருப்பவர்கள் அதில் துடிப்புக் கேட்டது என்று நிம்மதியாகப் படுத்துவிடக் கூடாது. உங்கள் நாடித்துடிப்பே அதில் கேட்கலாம், துடிப்பு இருக்கிறது என்பதால் மட்டும் குழந்தை நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

இங்கே வீட்டாருக்கு ஒரு வார்த்தை. நான் இப்படி இரண்டு முறை போய் இரண்டு முறையும் "எல்லாம் நல்லா இருக்கு" என்று திரும்பி வந்தேன். இரண்டாம் முறை காரில் ஏறும்போது கணவர் "நேத்துதானே போனோம்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அதற்கடுத்த வாரம் ஒருநாள் சந்தேகம் வந்தபோது அந்த வார்த்தை நினைவுக்கு வந்து நான் ஒரு மணி நேரம் சும்மா படுத்திருந்தேன். நல்லவேளை, ஒன்றுமில்லை. பத்து முறை வீணாக அலைந்தாலும் அந்த வாக்கியத்தைச் சொல்வதில்லை என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள்.

அதே போல நேரம் காலம் பார்க்காமல் கிளம்ப வேண்டியவை: ரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்கல் அல்லது கண்ணில் பூச்சி பறப்பது, விலாவுக்குக் கீழே மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, காய்ச்சல். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, வீக்கம் இந்த நான்கும் ரத்த அழுத்தம் ஏறியதால் இருக்கலாம். 20 வாரத்துக்கு மேல் 140/90 தாண்டினாலே கவனிப்பார்கள், பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரைகூட இது வரலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் தாங்க முடியாமல் அரித்தால் வறண்ட தோல் என்று எண்ணெய் தடவிக்கொண்டு இருக்காதீர்கள், கல்லீரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

எப்போது கிளம்புவது

பொய்வலி ஒழுங்கில்லாமல் வரும், எழுந்து நடந்தாலோ தண்ணீர் குடித்துப் படுத்தாலோ அடங்கிவிடும். நிஜவலி எதற்கும் அடங்காது. நேரம் ஆக ஆக நீளும், கூடும், நெருங்கும். முதல் பிரசவம், சிக்கல் எதுவும் இல்லை என்றால் பொதுவான கணக்கு இது: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படியே ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம். ஆஸ்பத்திரி தூரம் என்றாலோ இரண்டாவது பிரசவம் என்றாலோ இன்னும் முன்னதாகவே. 37 வாரம் ஆகுமுன் வலி வந்தால் கணக்கே பார்க்காதீர்கள், உடனே போங்கள்.

எண்ணத் தெரிந்து வைத்திருங்கள். ஒரு வலி தொடங்கிய நேரத்திலிருந்து அடுத்தது தொடங்கும் நேரம் வரை எண்ண வேண்டும். என் கணவர் ஸ்கேன் கவரின் பின்புறத்தில் அழகாகக் கட்டம் போட்டு ஒரு மணி நேரம் எழுதினார், ஆனால் ஒன்று முடிந்ததிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை எழுதியிருக்கிறார். எட்டு நிமிட இடைவெளி ஏழாகத் தெரிந்து, ஏழு ஆறாகத் தெரிந்து, அவசர அவசரமாகப் போய் இறங்கினால் கருப்பை வாய் இரண்டு சென்டிமீட்டர்தான் திறந்திருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்ன கணக்கில் 5 சென்டிமீட்டரிலிருந்துதான் பிரசவம் வேகம் பிடிக்கும் கட்டமே தொடங்குகிறது. அதற்கு முந்தைய நேரம் மணிக்கணக்காக நீளும், அதை வீட்டில் வெந்நீரில் குளித்து, லேசாகச் சாப்பிட்டு, முடிந்தால் தூங்கிக் கழிப்பது லேபர் வார்டின் கட்டிலில் கழிப்பதைவிட எவ்வளவோ மேல்.

பனிக்குடம் உடைவது சினிமாவில் காட்டுவது போலக் குபுக்கென்றுதான் வர வேண்டும் என்றில்லை. சொட்டுச் சொட்டாகக் கசிந்து, சிறுநீரா இதுவா என்றே தெரியாமலும் இருக்கும். நாப்கின் வைத்துப் பாருங்கள், எத்தனை மணிக்கு உடைந்தது, என்ன நிறம், வாடை இருக்கிறதா என்று கவனித்து, வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம், தாமதம் கூடாது.

பை பற்றி ஒன்றே ஒன்று. என்ன வைப்பது என்பதற்கு எல்லாரும் பட்டியல் தருவார்கள், யார் அடுக்குவது என்று சொல்வதில்லை. உள்ளே உங்களோடு இருக்கப் போகிறவர்தான் அடுக்க வேண்டும். முதல் முறை நான் அடுக்கினேன். கூந்தல் பேண்ட் ஒன்றைத் தேடிக் கணவர் பை முழுவதையும் கட்டிலில் கவிழ்க்க, குழந்தையின் குல்லாவும் போன் சார்ஜரும் என் செருப்பும் ஒன்றாக உருண்டன.

உள்ளே யார்

பிரசவிப்பவள் தேர்ந்தெடுத்த ஒருவர் பிரசவம் முழுக்க அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. அப்படித் துணை இருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, சிசேரியன் தேவையும் குறைகிறது என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அவள் தேர்ந்தெடுத்தவர், அதுதான் முக்கியம். உறவில் யார் மூத்தவர் என்பது இங்கே செல்லாது. கணவர் வேண்டாம், அம்மாதான் வேண்டும் என்றாலும் சரி, அக்கா வேண்டும் என்றாலும் சரி. எத்தனை பேருக்கு அனுமதி, ஆள் மாறலாமா, ஆபரேஷன் தியேட்டருக்குள் விடுவார்களா என்று ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், இடத்துக்கு இடம் மாறும்.

மற்றவர்களிடம் எப்படிச் சொல்வது? அவரவர் அம்மாவிடம் அவரவர் சொல்ல வேண்டும். என் அம்மாவிடம் நான் சொன்னேன், அவருடைய அம்மாவிடம் அவர் சொன்னார். "அம்மா, உள்ளே நான் இருக்கேன். நீங்க பெரியவனைப் பார்த்துக்கிட்டாதான் அவளுக்கு நிம்மதி" என்றார். அத்தை ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், மறுநாள் பெரியவனுக்கு என்னென்ன கொடுக்கலாம் என்று பட்டியல் கேட்டார்.

உள்ளே இருப்பவருக்கு வேலை இருக்கிறது. தண்ணீர் கொடுப்பது, இடுப்பை அழுத்தித் தேய்ப்பது, அவள் பேச முடியாதபோது அவளுக்காகப் பேசுவது. ஏதாவது செய்யப் போகிறோம் என்று டாக்டர் சொன்னால் கேட்க வேண்டியது மூன்று: ஏன் தேவை, வேறு வழி உண்டா, இப்போதே முடிவு செய்ய வேண்டுமா இல்லை கொஞ்சம் பொறுக்கலாமா. அவசரம் என்று சொல்லிவிட்டால் அதோடு பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

எபிடியூரல், அதாவது பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் ஊசி, போடுவதா வேண்டாமா என்பதும் அவள் முடிவுதான். அதனால் சிசேரியன் அதிகமாவதில்லை. முக்கும் நேரம் கொஞ்சம் நீளலாம், கால் மரத்திருப்பதால் எழுந்து நடமாட முடியாமல் போகலாம். அதைப் போட மயக்க மருந்து நிபுணர் வேண்டும், எனவே இரவிலும் இருப்பாரா என்று முன்பே விசாரியுங்கள். சிசேரியன் ஆனால் "ஏன், நார்மல் ஆகலையா?" என்று உதடு பிதுக்குகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது என்பதையும் தீர்மானித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது மாமனார். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, வேற என்ன வேணும்?" என்று தாளில் அவரே எழுதி வைத்துக்கொண்டார்.

குழந்தை நன்றாக அழுது மூச்சு விட்டால், தொப்புள்கொடியை வெட்ட ஒரு நிமிடமாவது பொறுக்கச் சொல்லலாம், குழந்தைக்கு இரும்புச்சத்து கூடும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் அம்மாவின் நெஞ்சில் வைத்துப் பால் கொடுப்பது, குளிப்பாட்டுவதை 24 மணி நேரம் தள்ளிப்போடுவது, இரண்டும் வழக்கமாகச் சொல்லப்படுபவை. போட்டோ அதற்கப்புறம்.

வீட்டுக்கு வந்தபின்

பார்க்க வருகிறவர்களுக்கு நேரம் குறித்துவிடுங்கள். சளி, இருமல், காய்ச்சல் இருப்பவர்கள் வேண்டாம், வருகிறவர்கள் கை கழுவ வேண்டும், முகத்தில் முத்தம் கூடாது. சொல்லக் கூச்சமாக இருந்தால் டாக்டர் பெயரில் பழி போடுங்கள், அவர்கள் பழகிப்போனவர்கள்.

முதல் நாட்களில் சீம்பால் சில சொட்டுதான் வரும், குழந்தையின் வயிறும் அத்தனை சிறியதுதான். எடை கொஞ்சம் குறைவதும் வழக்கம்தான், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை எட்டிவிடும், பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் டாக்டர் பார்க்க வேண்டும். "பால் போதலையோ?" என்ற கேள்வி வந்தால் ஈரத் துணிகளை எண்ணுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போனால் பால் போகிறது. தூங்க வைக்கும்போது எப்போதும் மல்லாத்தி, மெத்தென்று அமுங்காத சமமான படுக்கையில், தலையணையோ பொம்மையோ பக்கத்தில் இல்லாமல்.

எல்லாரும் குழந்தையைப் பார்ப்பார்கள், பெற்றவளைப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதாக நனைந்தாலோ பெரிய பெரிய கட்டியாக ரத்தம் போனாலோ உடனே ஆஸ்பத்திரி. முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலும் நீண்டால், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை என்றால், "நான் இல்லாம இருந்தா இதுக்கு நல்லது" என்பது போலப் பேசினால் அது சோம்பலும் அல்ல, திமிரும் அல்ல, டாக்டரிடம் போக வேண்டிய நோய். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வந்தால் அன்றைக்கே போக வேண்டும், அதுவரை அவளைத் தனியாக விடக் கூடாது.

இரவுக்கு முறை வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பத்திலிருந்து இரண்டு வரை அவர், இரண்டிலிருந்து ஆறு வரை நான். அவர் முறையில் பால் மட்டும் நான் கொடுப்பேன், ஏப்பம் விட வைத்துத் துணி மாற்றித் தூங்க வைப்பது அவர் வேலை.

கடைசியாக, எங்கள் தாளில் இல்லாமல் போன ஒன்று. பால் கொடுக்கிறோம், இன்னும் மாதவிடாய் வரவில்லை, அதனால் கரு தங்காது என்று நம்பிக்கொண்டு இருந்துவிடாதீர்கள், முதல் மாதவிடாய் வருமுன்பே கருமுட்டை வெளிவரலாம். அடுத்த கர்ப்பத்துக்கு 24 மாதமாவது இடைவெளி விடச் சொல்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகுமுன்பே, மாமியாரும் அம்மாவும் சாப்பிடப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, என்ன முறை பயன்படுத்தலாம் என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.